மலைவீட்டுப் பட்டறைக்கு ஒரு பேண்ட்சா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சிறு கொட்டகை ஒன்று இருக்கிறது. அதில் பதினான்கு அங்குல பேண்ட்சா (மேலும் கீழுமாக உள்ள இரண்டு சக்கரங்களில் வளையமாக ஓடும் பட்டை ரம்பம்) ஒன்று ஒன்பது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. காற்றுக்குச் சாய்ந்த சில்வர் ஓக் மரங்களைத் தேயிலைத் தோட்டத்து ஓரங்களில் துண்டு போட்டு விறகாக அடுக்குவதைப் பார்த்துப் பார்த்து, மனம் பொறுக்காமல் வாங்கிய இயந்திரம் அது. குன்னூர், ஊட்டி, கூடலூர்ப் பக்கமிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சமவெளியில் இருப்பவர்களுக்கும் இதில் பாதி பயன்படும். பனியும் மேட்டு நிலமும் நிலையில்லாத மின்னழுத்தமும் ஒன்றாகச் சேர்ந்து தரும் தொல்லை மட்டும் நமக்கே உரியது.

வட்ட ரம்பம் இருக்கும்போது பேண்ட்சா எதற்கு?

ஒட்டுப்பலகையை நேராக அறுப்பதுதான் உங்கள் வேலை என்றால் வட்ட ரம்பமே போதும், பேண்ட்சா வேண்டாம். மரத்துண்டிலிருந்து பலகை எடுக்க வேண்டும், நாற்காலிக் கால் போல வளைவு அறுக்க வேண்டும் என்றால் பேண்ட்சாதான். ஏழே கால் அங்குல பிளேடு போட்ட, கையில் பிடிக்கும் வட்ட ரம்பம் இரண்டரை அங்குல ஆழத்தோடு நின்றுவிடும். சாதாரண பேண்ட்சா ஆறு அங்குலக் கட்டையை ஒரே ஓட்டத்தில் பிளந்து தரும்.

தூளாகப் போகும் மரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 150 மி.மீ. கனக் கட்டையிலிருந்து 10 மி.மீ. பலகைகள் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அறுப்பிலும் 3 மி.மீ. தின்னும் வட்ட பிளேடில் 11 பலகை கிடைக்கும். 1 மி.மீ. தின்னும் பேண்ட்சா பிளேடில் 13 கிடைக்கும். கிடைத்தற்கரிய மரமாக இருந்தால் அந்த இரண்டு பலகை பெரிய விஷயம்.

இன்னொன்று: பேண்ட்சாவின் பிளேடு மரத்தை மேசை மீது கீழ்நோக்கி அழுத்துகிறது. வட்ட ரம்ப மேசையில் நடப்பதுபோல் மரத்தை ஆள்மேல் திருப்பி எறியாது. தனியாக வேலை செய்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க முதல் காரணம் இதுதான்.

எந்த அளவு வாங்குவது?

பத்து அங்குலம், பதினான்கு அங்குலம் என்று சொல்வது சக்கரத்தின் விட்டத்தை. பிளேடுக்கும் தூணுக்கும் இடையில் ஏறக்குறைய அந்த அளவு இடம் இருக்கும். ஆனால் நீங்கள் கடையில் கேட்க வேண்டியது வேறு அளவு: மேசையிலிருந்து மேல் கைடு (பிளேடு விலகாமல் பிடிக்கும் அமைப்பு) வரை எவ்வளவு உயரம் திறக்கும்? மேசை மேல் வைக்கும் எட்டு அங்குல இயந்திரங்களில் அது மூன்று அங்குலம்தான். பொம்மை செய்யலாம், பலகை எடுக்க முடியாது. வார்ப்பிரும்பு உடல் கொண்ட பதினான்கு அங்குல இயந்திரத்தில் ஆறு அங்குலம் கிடைக்கும். இரும்புத் தகட்டை மடித்து வெல்டிங் செய்த உடல் கொண்டவற்றில் பத்து அங்குலமும் அதற்கு மேலும் உண்டு.

இடமும் பணமும் இருந்தால் தகட்டு உடல் கொண்டதையே வாங்குங்கள். அகலமான பிளேடை முறுக்கி இழுக்கும்போது வார்ப்பிரும்பு உடல் சற்று வளைந்து கொடுக்கும். விளம்பரத் தாளில் முக்கால் அங்குல பிளேடு போடலாம் என்று அச்சிட்டிருந்தாலும், வார்ப்பிரும்புப் பதினான்கு அங்குலத்தில் அரை அங்குலத்துக்கு மேல் நான் போடுவதில்லை. அரை அங்குல பிளேடை முழு இழுவிசையில் நிறுத்துவது, முக்கால் அங்குலத்தைத் தளர்வாக ஓட்டுவதைவிட நேராக அறுக்கும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கைப் பிளேடு, ஸ்டார்ட்டர், வயர் ஆகியவற்றுக்கு ஒதுக்கி வையுங்கள். இயந்திரத்தின் உடல் செய்வதெல்லாம் ஒரு பிளேடை நேராகப் பிடித்துக்கொள்வதுதான். அறுப்பது பிளேடு.

பழைய இயந்திரம் வாங்கலாமா?

தாராளமாக. கோயம்புத்தூரில் மரப்பட்டறைகள் இடம் மாறும்போதும் மூடும்போதும் நல்ல இயந்திரங்கள் விலைக்கு வருகின்றன. போகும்போது ஒரு டார்ச்சும் நீளமான நேர்ச்சட்டமும் எடுத்துச் செல்லுங்கள். பிளேடைக் கழற்றச் சொல்லி, மேல் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. பேரிங் மாற்றுவது எளிது, விலையில் குறைத்துக் கேளுங்கள். சக்கரத்தின் மேலுள்ள ரப்பர் டயரை நகத்தால் அழுத்துங்கள். நகம் பதியாமல் வெடித்து உதிர்ந்தால் அதையும் மாற்ற வேண்டும். தூணிலோ சக்கரம் தாங்கும் கையிலோ விரிசல் இருந்தால், அல்லது விரிசலை வெல்டிங் செய்து பெயின்ட் அடித்திருந்தால், பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

பட்டறை இயந்திரங்களில் பெரும்பாலும் மூன்று ஃபேஸ் மோட்டார் இருக்கும். வீட்டு இணைப்பு ஒரு ஃபேஸ். மோட்டாரை மாற்றலாம். அல்லது ஒரு ஃபேஸை வாங்கி மூன்று ஃபேஸ் தரும் டிரைவ் போடலாம். அந்த டிரைவ் 415 வோல்ட் தராது, 230 வோல்ட்தான் தரும். ஆகவே மோட்டாரின் பெயர்த்தகட்டில் 230/415 என்று இரண்டும் இருக்க வேண்டும், இணைப்பை டெல்டாவாக மாற்ற வேண்டும். எலெக்ட்ரீஷியனிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒருவர் தன் இயந்திரத்தைத் தருகிறேன் என்கிறார். கொண்டுவரலாமா?

மோட்டாரை மாற்றுவதாக இருந்தால் கொண்டுவரலாம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மின்மாற்றி போட்டு வோல்ட்டைக் குறைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. நம் 50 ஹெர்ட்ஸில் அந்த மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், சூடும் ஏறும்.

இவ்வளவு உயரத்தில் மோட்டாரின் வலு குறையாதா?

நல்ல கேள்வி, கடைக்காரர்கள் பலருக்கு இதற்குப் பதில் தெரிவதில்லை. சாதாரண மின்மோட்டாரின் அளவீடு, கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரம் வரை, 40 டிகிரி வெப்பம் வரை என்று வைத்துக் குறிக்கப்படுகிறது. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். மெல்லிய காற்று மோட்டாரின் சூட்டை அவ்வளவாக எடுத்துச் செல்லாது. அதற்கு ஈடாக, சுற்றுப்புற வெப்பத்தில் சுமார் 10 டிகிரியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. 40 போய் 30 ஆகிறது. ஊட்டியில் கோடையிலும் 30 டிகிரி எட்டுவதில்லை. மலையின் குளிரே மலையின் காற்றுக்கு ஈடு செய்துவிடுகிறது. கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரி எல்லாம் ஊட்டியைவிடத் தாழ்வானவை, ஆகவே கவலை இல்லை. பெட்ரோல் என்ஜினுக்குத்தான் உயரம் வலுவைக் குறைக்கும்.

மின்மோட்டாரின் வலுவைக் குறைப்பது உயரமல்ல, வோல்ட்.

மின்சார ஏற்பாடு எப்படி இருக்க வேண்டும்?

மோட்டார் கிளம்பும் முறுக்குவிசை, வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வந்தால், 180-ஐ 230-ஆல் வகுத்து, அதையே அதனோடு பெருக்குங்கள். 61 சதவீதம் வரும். அதாவது வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வலு ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஹீட்டர் போடும் நேரத்தில் இயந்திரம் முனகிக்கொண்டு கிளம்பாமல் நிற்பது இதனால்தான். முனகும்போது சுவிட்சை அப்படியே விட்டால் மோட்டாரின் சுருள் எரியும். ஒன்றிரண்டு வினாடிக்குள் கிளம்பாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது வயர். 1.5 ஹெச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஒன்பது, பத்து ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஐந்து மடங்கு. மலை வீடுகளில் பட்டறை பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு தட்டு மேலோ கீழோ தள்ளி இருக்கும். 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. செப்பு வயர் இழுத்தால், கிளம்பும்போது வயரிலேயே 36 வோல்ட் போய்விடும். 4 சதுர மி.மீ. போட்டால் 14 வோல்ட்தான் போகும். விலை வித்தியாசம் ஒரு நல்ல பிளேடின் விலைக்குள் அடங்கிவிடும். மீட்டர் பெட்டியிலிருந்து பட்டறைக்குத் தனி வயர், 16 ஆம்பியர் பிளக், முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவுத் துண்டிப்பான்). இவை நான்கும் கட்டாயம். ஈர மண்ணில் நின்று இரும்பைத் தொட்டு வேலை செய்கிறோம்.

இதில் யார் கேட்டாலும் நான் பிடிவாதமாகச் சொல்லும் ஒன்று உண்டு. இயந்திரத்தோடு வரும் சாதாரண மேல்-கீழ் சுவிட்சை எடுத்துவிட்டு, பச்சை, சிவப்பு பட்டன் உள்ள டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் போடுங்கள். கிணற்று மோட்டாருக்குப் போடுவதே போதும். வாங்கிய முதல் ஆண்டு ஐப்பசி மழையில் அறுத்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. கீழ்ச் சக்கரத்துக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு சிராய் மாட்டியிருந்தது. சரி, இந்த நேரத்தில் எடுத்துவிடலாம் என்று கதவைத் திறந்து எடுத்தேன். கையை வெளியே இழுத்துக் கதவைச் சாத்தப்போகும் நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டது. சுவிட்ச் போட்டபடியே இருந்தது. என் கண்முன்னே சக்கரம் சுழலத் தொடங்கியது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஸ்டார்ட்டருக்குள் ஒரு காந்தச் சுருள் இருக்கிறது. மின்சாரம் போனால் அது பிடியை விட்டுவிடும். திரும்ப வந்தாலும் நீங்கள் பச்சை பட்டனை அழுத்தாமல் மோட்டார் ஓடாது. மழைக்காலத்தில் ஒரு நாளில் நாலைந்து முறை மின்சாரம் போய்வரும் நம் ஊர்களில் இது இல்லாமல் பேண்ட்சா ஓட்டவே கூடாது.

மலைக்கு எப்படி ஏற்றுவது?

பதினான்கு அங்குல இயந்திரம் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். மேசையையும் மோட்டாரையும் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். உடலைத் தூண் பக்கம் கீழே இருக்கும்படி, பழைய மெத்தை மேல் படுக்க வையுங்கள். நிற்க வைத்துக் கட்டினால் கொண்டை ஊசி வளைவுகளில் சாயும், தலைப்பக்கம்தான் கனம் அதிகம். வீட்டுக்கு வந்தபின் தரையில் நான்கு மூலையும் ரசமட்டம் பார்த்துச் சக்கை கொடுத்து, சிமென்ட் தரையில் போல்ட் அடித்து நிறுத்துங்கள். பின்னால் நீளப் பலகை வெளியேறும் அளவுக்கு இடம் விட வேண்டும். என் கொட்டகையில் இடம் போதாமல், பிளேடுக்கு நேரே சுவரில் ஒரு சிறு கதவு வைத்தேன். எட்டடிப் பலகை அதன் வழியாகத் தோட்டத்துக்குள் நீண்டு போகும்.

எந்தப் பிளேடு வாங்குவது?

அகலம், அங்குலத்துக்கு எத்தனை பல், நீளம் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும்.

அகலம் வளைவைத் தீர்மானிக்கிறது. கால் அங்குல பிளேடு சுமார் 16 மி.மீ. ஆரமுள்ள வளைவு வரை திரும்பும். அரை அங்குல பிளேடுக்கு இரண்டரை அங்குல ஆரம் வேண்டும். அதற்கு மேல் வற்புறுத்தித் திருப்பினால் பிளேடு முறுகும், கைடு தேயும், கடைசியில் அறும்.

பல் விஷயத்தில் புதியவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் தவறுகிறார்கள்: நெருக்கமான பல் நயமாக அறுக்கும் என்று நம்பி, பத்துப் பல், பதினான்கு பல் வாங்கி ஆறு அங்குலக் கட்டையில் வைக்கிறார்கள். இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள குழிதான் தூளைச் சுமந்து வெளியே கொண்டுவருகிறது. நெருக்கமான பல்லில் குழி சிறியது. பாதி வழியிலேயே நிரம்பிவிடும். பிறகு பல் மரத்தைத் தொடாது, தூளைத்தான் உரசும். புகை வரும், பிளேடு நீலமாகும், அறுப்பு வில்லாக வளையும். கனமான மரத்துக்கு அங்குலத்துக்கு மூன்று பல். முக்கால், ஒரு அங்குலப் பலகைக்கு ஆறு பல். மெல்லிய தகடு போன்ற மரத்துக்குத்தான் பத்தும் பதினான்கும். மரத்துக்குள் எப்போதும் மூன்று பல்லாவது இருக்க வேண்டும் என்பது கீழ் எல்லை.

நான் வைத்திருப்பது அரை அங்குலம் மூன்று பல் இரண்டு, கால் அங்குலம் ஆறு பல் இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஏனென்றால், பிளேடு அறுவது எப்போதும் ஞாயிற்றுக்கிழமை நடுவேலையில்தான். பிளேடு செய்துதரும் கடை மலையடிவாரத்துக்கு அப்பால் இருக்கிறது.

நீளத்தை மேலெழுந்தவாரியாகச் சொல்லாதீர்கள். இரண்டு சக்கரமும் ஒரே அளவாக இருந்தால் கணக்கு இது: மையத்துக்கு மையம் உள்ள தூரத்தின் இரு மடங்கோடு, விட்டத்தை 3.1416-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். சக்கரம் 355 மி.மீ., மையத் தூரம் 630 மி.மீ. என்றால் 1,260-உம் 1,115-உம் சேர்ந்து 2,375 மி.மீ. மேல் சக்கரத்தை அதன் ஓட்டத்தின் நடுவில் நிறுத்திவிட்டு அளக்க வேண்டும்.

பூட்டிச் சீர்செய்வது எப்படி?

வரிசை முக்கியம். ஒன்றைச் சரிசெய்ய மற்றொன்று கலைவதற்கு வரிசை தப்புவதே காரணம். முதலில் பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும்படி மேசை மேல் வையுங்கள்.

மேல், கீழ் கைடுகள் எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடுங்கள். பிளேடு போடும்போது அவை எதிலும் தொடக் கூடாது. பல் உங்களைப் பார்த்து, கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் பிளேடை உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள். நீளமான நேர்ச்சட்டத்தை இரண்டு சக்கரங்களின் விளிம்பிலும் சாத்தி, இரண்டும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிறகு இழுவிசை. இயந்திரத்தில் உள்ள அளவுகோலை நான் நம்புவதில்லை. ஸ்பிரிங் தளரத் தளர அது பொய் சொல்லும். மேல் கைடை ஆறு அங்குலம் உயர்த்தி, பிளேடின் நடுவில் பக்கவாட்டில் விரலால் அழுத்துங்கள். சாதாரண அழுத்தத்துக்குக் கால் அங்குலம் போகலாம், அதற்கு மேல் போகக் கூடாது. சந்தேகம் இருந்தால், அடுத்துச் சொல்லும் ட்ராக்கிங்கைச் சரிசெய்தபின் பிளக்கைப் போட்டு, கதவுகளை மூடி இயந்திரத்தை ஓட விட்டு, மெதுவாக இழுவிசையைத் தளர்த்துங்கள். ஒரு கட்டத்தில் பிளேடு சிலம்பத் தொடங்கி, முன்னாலிருந்து பார்க்க இரண்டாகத் தெரியும். சிலம்பல் நிற்கும் வரை முறுக்கி, அதற்கு மேல் ஒரு கால் சுற்று கொடுங்கள்.

அடுத்தது ட்ராக்கிங். பிளக் வெளியே இருக்கும்போதே, மேல் சக்கரத்தைக் கையால் சுற்றியபடி ட்ராக்கிங் திருகை (மேல் சக்கரத்தைச் சாய்க்கும் திருகு) சிறிது சிறிதாகத் திருப்புங்கள். பிளேடு டயரின் மேட்டில் வந்து உட்கார வேண்டும். பிளேடின் அகலத்துக்கு நடுவை அல்ல, பற்களுக்கு இடையே உள்ள குழியின் அடியை டயரின் உச்சிக்கு நேராகக் கொண்டுவாருங்கள். அறுப்பு நேராகப் போவதில் பாதி இந்த ஒரு திருகில் இருக்கிறது.

அடுத்து கைடு. பத்து ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து இரண்டாகக் கிழிக்காமல் மடித்து, பிளேடின் இரு பக்கமும் சுற்றிப் பிடியுங்கள். பக்கக் கைடுகள் இரண்டையும் அந்தத் தாளைத் தொடும் வரை கொண்டுவந்து இறுக்கி, தாளை உருவிவிடுங்கள். அதுதான் இடைவெளி. கைடின் முன்விளிம்பு பல்லின் குழிக்கு ஒரு மி.மீ. பின்னால் நிற்க வேண்டும். முன்னால் வந்துவிட்டால் புதுப் பிளேடின் பல் முதல் நிமிடத்திலேயே மழுங்கிவிடும். முதுகுப் பக்க பேரிங்குக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையின் கனம் இடைவெளி. சும்மா ஓடும்போது அந்த பேரிங் சுற்றக் கூடாது, மரம் தள்ளும்போதுதான் சுற்ற வேண்டும். மேலே செய்ததை அப்படியே கீழேயும் செய்யுங்கள். கீழ்க் கைடைக் குனிந்து பார்க்கச் சோம்பி விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

கடைசியாக மேசை. மூலைமட்டம் வைத்துப் பிளேடுக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: மூன்று அங்குல உயரக் கட்டை ஒன்றில் அரை அங்குலம் மட்டும் அறுத்து நிறுத்துங்கள். இயந்திரம் முழுதும் நின்றபின், கட்டையை மேசை மேலேயே பாதிச் சுற்றுத் திருப்பி, பிளேடின் முதுகுப் பக்கமிருந்து அந்த வெட்டை நுழைத்துப் பாருங்கள். தடையின்றி நுழைந்தால் மேசை நேர். மேலோ கீழோ பிடித்தால், உங்கள் பிழை அங்கே இரண்டு மடங்காகத் தெரிகிறது. மூலைமட்டத்துக்குத் தெரியாததும் இதில் தெரிந்துவிடும்.

இவ்வளவு செய்தும் கோட்டை விட்டு ஓடுகிறதே?

பிளேடு மழுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆணியிலோ கல்லிலோ பட்டு ஒரு பக்கப் பற்கள் மட்டும் மழுங்கினால், கூரான பக்கம் நோக்கியே அது ஓடும். அதற்கு வேறு மருந்து இல்லை, பிளேடை மாற்றுங்கள். பிளேடு கூராக இருந்தும் ஓடினால், ஒரு பலகையில் நேர்க்கோடு போட்டு, பக்கச் சட்டம் (மரம் ஒட்டி நகர மேசை மேல் பூட்டும் நேர்க்கட்டை) இல்லாமல் கையால் கோட்டின் மேலேயே பாதி தூரம் அறுங்கள். இயந்திரத்தை நிறுத்தி, பலகை எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதை மேசை மேல் பென்சிலால் குறியுங்கள். பக்கச் சட்டத்தை அந்தக் கோணத்துக்குத் திருப்பி இறுக்குங்கள். அவசரமாகத் தள்ளுவதும் ஒரு காரணம். தூள் வரும் சீரைக் கேட்டுத் தள்ளுங்கள்.

துருவை எப்படித் தடுப்பது?

மேசை இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கிறது. காலையில் ஈரக் காற்று கொஞ்சம் சூடாகி உள்ளே வந்ததும் இரும்பின் மேல் வியர்க்கிறது. கார்த்திகை மூடுபனியில் ஒரே இரவில் மேசை முழுதும் மஞ்சள் பூத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மெழுகு போடுங்கள். மேசை நாற்காலிக்குப் போடும் மெழுகு பாலிஷ் போதும். பூசி, காய்ந்தபின் பழைய வேட்டித் துணியால் தேய்த்து எடுத்தால் மரமும் வழுக்கிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம் குளிரில் அது உறைந்து, தூளோடு சேர்ந்து பிசினாகிவிடும். பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டாம், ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். பருத்திப் போர்வை போதும். கீழ்ப் பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிட்டுச் சூடாக வைக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். அங்கே மரத்தூள் இருக்கிறது, தீப்பிடிக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

வேலை முடிந்ததும் இழுவிசையைத் தளர்த்திவிடுங்கள். இரவு முழுதும் இறுகிக் கிடந்தால் ரப்பர் டயரில் பள்ளம் விழும், அடுத்த நாள் பிளேடு தட்தட் என்று அடிக்கும். சைப்ரஸ், பைன் அறுத்தால் பிளேடில் பிசின் படியும். சலவை சோடா கரைத்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்துக் காய வைத்து, தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள்.

பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

சால்வையும் மப்ளரும் கொட்டகைக்கு வெளியே. ஸ்வெட்டர் கை தொளதொளவென்று இருந்தால் அதையும் கழற்றுங்கள். குளிருகிறது என்று கையுறை போட்டுக்கொண்டு அறுக்கவே கூடாது. நூல் பல்லில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். உள்ளே கனமான பனியன் போட்டு, மேலே இறுக்கமான கைச் சட்டை போடுவதே வழி.

மேல் கைடு மரத்துக்குக் கால் அங்குலம் மேலே நிற்கட்டும், அதற்கு மேல் பிளேடு வெளியே தெரிய வேண்டாம். முடியும் தறுவாயில் விரலால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். உருண்டைக் கட்டையைத் தொட்டி போன்ற சட்டத்தில் வைத்து, உருளாமல் திருகு அடித்துப் பிடித்தபின்தான் பிளேடிடம் கொண்டுபோக வேண்டும். கையால் பிடித்த உருளையைப் பிளேடு கணத்தில் சுழற்றிவிடும்.

தூள் பற்றி?

குளிருக்காகச் சன்னலை அடைத்துவிட்டு அறுக்கிறோம், அதுதான் ஆபத்து. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் கடுமையான அரிப்பும் தடிப்பும் தரும். மேசைக்கு அடியில் வேக்குவம் குழாய் வையுங்கள், மூக்குக்கு நல்ல மாஸ்க் போடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள்.

என் தோட்டத்து மரத்தை நானே வெட்டி அறுக்கலாமா?

அனுமதி வாங்கிய பிறகு. மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். ஈட்டி, சந்தனம் பக்கமே போகாதீர்கள். கூலிக்கு மரம் அறுத்துக் கொடுத்தால் அது மர அறுவை ஆலைக் கணக்கில் வரும், வனத்துறை உரிமம் வேண்டும். கூடலூர்க் காடுகளைப் பற்றித் தொடுத்த கோதவர்மன் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று நாடெங்கும் காடுகளில் அனுமதியின்றி நடந்த மர அறுவை ஆலைகளை நிறுத்தச் சொன்னது. அந்தத் தீர்ப்பு பிறந்த மண்ணில் நாம் ரம்பம் வைத்திருக்கிறோம். இயந்திரம் வாங்குமுன் உங்கள் வனச்சரக அலுவலகத்தில் ஒருமுறை நேரில் கேட்டுவிடுங்கள். விறகுக் கடையில் ரசீதோடு வாங்கும் கட்டைகளே எனக்குப் போதுமானதாக இருக்கின்றன.

முதலில் எதை அறுத்துப் பார்க்கலாம்?

சில்வர் ஓக். எங்கும் கிடைக்கிறது, மென்மையாக அறுபடும். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வேண்டாம். உள்ளே அவ்வளவு இறுக்கம் வைத்திருக்கும் அந்த மரம் அறுக்க அறுக்கவே விரிந்து பிளேடைக் கவ்வும். பழகியபின் கொடைக்கானல் பக்கத்துப் பேரிக்காய் மரத்துண்டு கிடைத்தால் விடாதீர்கள், கடைசலுக்கும் செதுக்கலுக்கும் அவ்வளவு நயமான மரம்.

எட்டு அங்குல விட்டம், இரண்டடி நீளக் கட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் மெழுகோ பழைய பெயின்டோ பூசியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்திருக்கும். ஆறு அங்குலத்துக்குள் அடங்காத பக்கத்தைக் கோடரியால் செதுக்கி, தொட்டியில் பிணைத்து நடுக்குருத்தின் வழியாக இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் மறுபடி இரண்டாக்குங்கள். இப்போது கால்பாகத்தின் தட்டையான முகத்தை மேசையில் படுக்க வைத்து, மற்றத் தட்டை முகத்திலிருந்து ஒவ்வொரு பலகையாக எடுங்கள். முதல் பலகையைத் திருப்பி ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். மையத்திலிருந்து பட்டைக்கு ஓடும் கதிர்கள் குறுக்கே வெட்டுப்பட்டு, பலகை முழுதும் மீன் செதில் அடுக்கியதுபோல் மின்னும். விறகுக்கட்டையாக அடுப்பில் போயிருக்க வேண்டிய மரம் அது.

நடுக்குருத்து உள்ள பகுதியை ஒதுக்கிவிடுங்கள், அது முறுகும். மற்றவற்றை, விரற்கடை கனமுள்ள ரீப்பர் துண்டுகளை இடையில் கொடுத்து, காற்று போகும் நிழலில் அடுக்கி, மேலே கல் ஏற்றுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. மழை ஓயாத இடங்களில் அதற்கு மேலும் ஆகும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதம் இருக்கும் வரை மரத்திலும் 18 சதவீத ஈரம் நின்றுகொண்டே இருக்கும். 65 சதவீதத்துக்குக் குறைந்தால்தான் 12-க்கு இறங்கும். மாசி, பங்குனி வெயில் அதற்கு உகந்த காலம். மலையில் செய்த மேசையைக் கோவையில் உள்ள மகள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், பலகைகளைக் கடைசி இரண்டு மாதம் அங்கேயே வைத்துக் காயவிட்டு, பிறகு இழைத்துப் பூட்டுங்கள். அடுக்கின் முனையில் அறுத்த தேதியைச் சாக்பீஸால் எழுதி வையுங்கள். பெயின்ட் பூசிய முனை என்பதால் மழைச்சாரலில் அழியும், ஆகவே கொட்டகைச் சுவரிலும் ஒருமுறை எழுதிவிடுங்கள்.